'ஃபொய்ஸ்ட்' என்பதும் 'இம்போஸ்' என்பதும் ஒன்றா?

கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் வேலை செய்கிறீர்கள். ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கம் ஒன்றில் 'ஃபொய்ஸ்ட்' என்ற வினைச்சொல்லைப் பார்த்திருக்கிறீர்கள். அகராதியில் 'திணி' என்று இருக்கிறது, 'இம்போஸ்' என்பதற்கும் அதே 'திணி'தான் இருக்கிறது, அப்படியானால் இரண்டும் ஒன்றா என்று கேட்கிறீர்கள். இது கேள்வியின் முதல் பாதி. கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள்: இன்னொரு பிரிவு செய்யவேண்டிய மாத இறுதி அறிக்கையை மெனேஜர் உங்களிடம் தள்ளிவிட்டிருக்கிறார், 'மை மெனேஜர் ஃபொய்ஸ்டட் மீ வித் தி ரிப்போர்ட்' என்று மனிதவளப் பிரிவுக்கு எழுதலாமா என்று. உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு நேரடிப் பதில்: அப்படி எழுதவேண்டாம். அந்த வாக்கியம் இலக்கணப்படி தவறு. இலக்கணத்தைத் திருத்தி எழுதினாலும், நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய குற்றச்சாட்டாகிவிடும்.

ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே கடிதம், ஒப்பந்தம், அறிக்கை என்று மொழிபெயர்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். மொழியியல் படித்தவனல்ல. அதனால் அகராதி உறுதியாகச் சொல்வது எது, வருடக்கணக்கில் படித்துப் படித்து என் காதில் தங்கிவிட்டது எது என்று பிரித்தே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் இலக்கணம். இதில் சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லை. இந்த வினைக்குச் செயப்படுபொருளாக வருவது திணிக்கப்படும் பொருள், அதை வாங்கிக்கொள்ளும் ஆள் அல்ல. பொருளை முதலில் சொல்லி, பிறகு 'ஒன்' அல்லது 'அப்பொன்' போட்டு, அதற்குப் பின்னால்தான் ஆளைச் சொல்லவேண்டும். 'ஹீ ஃபொய்ஸ்டட் தி ரிப்போர்ட் ஒன் மீ' சரி. 'ஹீ ஃபொய்ஸ்டட் மீ வித் தி ரிப்போர்ட்' சரியல்ல. செயப்பாட்டு வினையாக எழுதும்போதும் அறிக்கைதான் எழுவாய்: 'தி ரிப்போர்ட் வாஸ் ஃபொய்ஸ்டட் ஒன் மீ'. இதை மனதில் வைக்க ஆங்கில விதியை உருப்போடத் தேவையில்லை. நம்மிடம் 'தலையில் கட்டுவது' இருக்கிறதே. 'அறிக்கையை என் தலையில் கட்டிவிட்டார்' என்றுதான் சொல்வோம். 'என்னை அறிக்கையோடு கட்டிவிட்டார்' என்று யாராவது சொன்னால் சிரிப்போம். அறிக்கைக்கு 'ஐ', ஆளுக்கு 'தலையில்'. ஆங்கிலமும் அதே கணக்கில்தான் போகிறது.

உங்கள் பிழை எங்கிருந்து வந்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. பொருளில் இதற்குப் பக்கத்து வீட்டுச் சொற்களான 'செடல்', 'பர்டன்', பிரிட்டிஷ் பேச்சில் வரும் 'லம்பர்' எல்லாம் ஆளை முதலில் வைத்து 'வித்' போடுகிறவை. 'ஹீ செடல்ட் மீ வித் தி ரிப்போர்ட்' என்பது நல்ல ஆங்கிலம். 'ஃபொப் ஒஃப்' இரண்டு பக்கமும் போகும்: ஒரு பொருளை ஆள்மேலும் தள்ளலாம், ஒரு ஆளை மட்டமான பொருளைக் கொடுத்துச் சமாளித்தும் அனுப்பலாம். இவற்றோடு குழப்பித்தான் பலரும் 'ஃபொய்ஸ்டட் வித்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் எழுதுகிறார்கள், அச்சிலும் வருகிறது. ஆனாலும் பயன்பாட்டு வழிகாட்டி நூல்கள் அதைப் பிழை என்றே சொல்கின்றன. கவனமான ஆசிரியர் கண்ணில் பட்டால் திருத்திவிடுவார். 'எனக்கு' என்று தமிழில் நினைத்துக்கொண்டு 'ஃபொய்ஸ்டட் டு மீ' என்று எழுதுவது இன்னொரு வகை. அதையும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு அமைப்பு இருக்கிறது. தன்னைத்தானே ஒருவர் பிறர்மேல் சுமத்துவதற்கும் இந்த வினை வரும்: அழைக்காமலே வந்து மூன்று நாள் தங்கிவிடும் விருந்தாளி தன்னைத்தானே உங்கள்மேல் 'ஃபொய்ஸ்ட்' பண்ணிக்கொள்கிறார். மற்றது 'இன்டூ' சேர்ந்து வருவது. எழுத்து ஒன்றுக்குள் சத்தமில்லாமல் ஒரு வரியை நுழைத்துவிடுவது அதன் பொருள். ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தில், இரு தரப்பும் பேசியிராத ஒரு வாசகம் இறுதிப் பிரதியில் மட்டும் முளைத்திருந்தால் இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். பழைய ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் 'இடைச்செருகல்' என்று சொன்னார்களே, அதுவேதான். இன்றைய ஆங்கிலத்தில் இந்த 'இன்டூ' வழக்கு குறைவு. சட்ட எழுத்திலும் பழைய நூல்களைப் பற்றிய பேச்சிலும் எப்போதாவது பார்க்கலாம்.

இனி, ஏன் இது வெறும் 'திணி' அல்ல என்பது. சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அது விளங்கும். இது ஆங்கிலத்துக்குள் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சூதாட்டக்காரர் வழக்காக வந்தது. முஷ்டியைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல்லிலிருந்து, கைக்குள் எடுப்பது என்ற பொருளில் வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. 'இருக்கலாம்' என்பதை அவையே சேர்த்துத்தான் சொல்கின்றன, நானும் அதை விடாமல் வைக்கிறேன். (ஒல்லாந்தர் 1656 முதல் 1796 வரை கொழும்பை வைத்திருந்தார்கள். நம் பெரியவர்கள் ஒபிசை இன்றும் 'கந்தோர்' என்பது அவர்கள் விட்டுப்போன சொல்லால். நீங்கள் கந்தோர்ச் சண்டைக்குத் தேடிய சொல்லுக்கும் அதே மொழியில் வேர் இருக்கக்கூடும்.) பிறப்பு எப்படியானாலும் ஆங்கிலத்தில் அதன் முதல் பொருள் தெளிவு: ஏமாற்றுப் பகடையை உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் ஆட்டத்துக்குள் நழுவவிடுவது. சகுனியின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நூற்றாண்டின் இறுதியில் லண்டன் திருடர் வழக்கில் இது ஒரு ஆளின் பெயராகவும் இருந்தது. கத்தியால் பணப்பையின் வாரை அறுப்பவன் 'நிப்'. கத்தியே எடுக்காமல் விரல் லாவகத்தால் பையிலிருந்து எடுப்பவன் 'ஃபொய்ஸ்ட்'. அவர்களுக்குள்ளும் சாதி இருந்தது, கையால் எடுப்பவனுக்கு அறுப்பவன்மேல் இளக்காரம். நம்முடைய 'முடிச்சுமாறி'யும் இப்படி விரல் வேலையில் பிறந்த சொல்தான். அந்தப் பெயர்ச்சொல் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. வினை மட்டும் தப்பிப் பிழைத்து, போலியை அசல் என்று தள்ளிவிடுவது என்றாகி, பிறகு வேண்டாததை ஏற்கவைப்பது என்று பொருள் விரிந்து இன்றைக்கு வந்து நிற்கிறது. 'பாம் ஒஃப்' என்பதும் உள்ளங்கையில் மறைப்பதிலிருந்து பிறந்ததுதான். இரண்டுக்கும் நடுவே பொருள் வேறுபாடு மிகச் சிறியது.

ஆக, இன்றைய பொருளில் இரண்டு இழை இருக்கிறது, ஏமாற்று ஒன்று, கட்டாயம் ஒன்று. புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரியிடம் ஒரு கிலோ ரம்புட்டான் வாங்குகிறீர்கள். மேலே சிவந்தது, பளபளப்பானது. அவர் அள்ளும்போது அவர் கை மேலே போகாது, குவியலின் பின்பக்கம் போகும். பையை முடிந்து கையில் தந்துவிடுவார். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் பாதி கறுத்துப்போயிருக்கும். இது பழைய பொருளுக்கு அச்சொட்டான உதாரணம், பகடைக்குப் பதில் பழம். இன்னொன்று பாருங்கள். பால்மா தட்டுப்பாட்டுக் காலத்தில் சில கடைகளில், பால்மா பெட்டி வேண்டுமென்றால் இன்னொரு சாமானும் சேர்த்து எடுக்கவேண்டும் என்றார்களே, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. முகத்துக்கு நேரே சொல்லித்தான் செய்தார்கள். ஆனால் உங்களுக்கு வேறு வழி இல்லை. வேண்டாத பிஸ்கட் பக்கெட் உங்கள் பைக்குள் வந்துவிட்டது. இதற்கும் இன்றைய ஆங்கிலத்தில் 'ஃபொய்ஸ்ட்' சொல்லலாம், யாரும் பிழை சொல்லமாட்டார்கள். அகராதிகளும் இரண்டு பொருளையும் தருகின்றன. என் காதுக்கு மட்டும், ஏமாற்று கொஞ்சமாவது கலந்திருக்கும் இடத்தில்தான் இந்தச் சொல் முழு உயிரோடு இருக்கிறது. முழுக்கப் பகிரங்கமான கட்டாயத்துக்கு 'ஃபோர்ஸ்' போதும் என்று தோன்றும். இது என் ரசனை, விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு இழையிலும் மாறாத ஒன்று உண்டு. தரப்படும் பொருள் மட்டமானது அல்லது வேண்டாதது, தருகிறவர் செய்வது நியாயமில்லாதது என்ற தீர்ப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது. போனசை யாரும் உங்கள்மேல் 'ஃபொய்ஸ்ட்' பண்ணமுடியாது, பகிடிக்குச் சொன்னால் தவிர. வெள்ளவத்தையில் மாமி வீட்டுக்குப் போனால், கையால் தட்டை மறைத்தாலும் விரலிடுக்கால் இன்னும் இரண்டு இடியப்பத்தை வைத்துவிடுவார். கட்டாயம்தான், ஆனால் அன்பு. அதற்கு ஆங்கிலத்தில் 'ப்ரெஸ்' என்ற வினை இருக்கிறது.

'இம்போஸ்' அப்படித் தானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. லத்தீனில் 'மேலே வைப்பது' என்ற பொருளில் பிறந்தது. அதிகாரம் உள்ளவர் பகிரங்கமாக விதிப்பதுதான் அதன் இன்றைய மையப் பொருள். ஊரடங்கு, அபராதம், தடை, வரி எல்லாம் அதற்குள் வரும். 2024 ஜனவரி 1ஆம் திகதி பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. அந்த வரியை 'இம்போஸ்' பண்ணினார்கள் என்று நிதியமைச்சின் அதிகாரியே தன் அறிக்கையில் எழுதலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 'ஃபொய்ஸ்ட்' என்று எழுதினால் எழுதியவர் எதிர்க்கட்சிக்காரர் என்பது உடனே தெரிந்துவிடும். அதற்காக 'இம்போஸ்' சுத்த சைவம் என்று சொல்லவில்லை. 'இம்போஸ் அப்பொன்' என்பது பழைய ஆங்கிலத்தில் ஒருவரை ஏமாற்றுவதையும் குறித்தது. ஆள்மாறாட்டக்காரனைச் சொல்லும் 'இம்போஸ்டர்' அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தண்டனையாக ஒரே வரியை நூறு தடவை எழுதும் 'இம்போசிஷ'னும் அந்தக் குடும்பமே. காலிமுகத்திடலில் 1930இல் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடத்தை 'இம்போசிங்' என்றால் மட்டும் பயப்படவேண்டாம், அது கம்பீரம் என்று பாராட்டுவது.

பத்திரிகைத் தலையங்கங்களில் இந்த வேறுபாடு எப்படி வேலை செய்கிறது என்று கவனித்தால் சுவாரசியமாக இருக்கும். சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தைப் பற்றி நம்மவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது பெரும்பாலும் 'இம்போஸ்' என்பார்கள். அது பாராளுமன்றத்தில் வாக்கெடுத்து, பகல் வெளிச்சத்தில் நடந்தது. கொடுமை அந்த வெளிப்படைத்தன்மையிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் 1937 தொடக்கம் நடந்துவரும் இந்தித் திணிப்பு எதிர்ப்பையும் ஆங்கிலத்தில் சொல்லும்போது 'இம்போசிஷன்'தான் நிலைத்துவிட்டது. மறுபக்கம், 1987 ஜூலை 29இல் கொழும்பில் கைச்சாத்தான இலங்கை இந்திய ஒப்பந்தத்தையும் அதைத் தொடர்ந்து அரசியலமைப்பில் வந்த 13ஆவது திருத்தத்தையும் எதிர்ப்பவர்களின் எழுத்தில் 'ஃபொய்ஸ்ட்' அடிக்கடி தலைகாட்டும். வேண்டாத ஒன்றை வெளியார் நம் கையில் திணித்துவிட்டுப் போனார்கள் என்பது அவர்கள் வாதம். அதே திருத்தத்தை ஆதரிப்பவர் எழுதினால் 'இன்ட்ரடியூஸ்', 'எனாக்ட்' என்று போகும். நிகழ்ச்சி ஒன்றுதான். வினையைப் பார்த்தே எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். நீங்கள் பார்த்த தலையங்கத்தையும் இந்தக் கண்ணோடு இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

இந்தியப் பத்திரிகைகளை இணையத்தில் படிப்பவரென்றால் இன்னொரு வழக்கையும் சந்தித்திருப்பீர்கள்: பொலிஸ் ஒருவர்மீது பொய்வழக்கை 'ஃபொய்ஸ்ட்' பண்ணிவிட்டது என்று. தமிழ்நாட்டுச் செய்திகளில் இது மிகச் சாதாரணம். 'பொய்வழக்குப் போட்டார்கள்' என்பதற்கு அங்கே இதுவே ஆங்கிலம். பிரிட்டிஷ் வாசகருக்குப் பொருள் விளங்கும், ஆனால் அவர் தானே எழுதினால் 'ஃபிரேம்' என்றுதான் எழுதுவார். பகடையை மறைத்து நுழைப்பதும், கஞ்சாப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு எடுப்பதும் ஒரே கைவரிசை என்பதால், அந்த இந்திய வழக்கு ஒரு விதத்தில் சொல்லின் வேருக்குக் கிட்ட நிற்கிறது என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் லண்டனுக்கோ மெல்பேர்னுக்கோ போகும் கடிதத்தில் அதை எழுதவேண்டாம்.

மொழிபெயர்ப்பு என்று வந்தால், எல்லா இடத்திலும் 'திணி' போடும் அகராதியை நான் பின்பற்றுவதில்லை. சரக்கு, வேலை, பொறுப்பு என்றால் 'தலையில் கட்டு'. கொள்கை, மொழி, சட்டம் என்றால் 'திணி' பரவாயில்லை. பழி, குற்றம் என்றால் 'சுமத்து'. எழுத்துக்குள் என்றால் 'செருகு'. வரியும் தண்டமும் 'விதி'க்கப்படும், அங்கே 'ஃபொய்ஸ்ட்' வருவதே அரிது. 'தலையில் கட்டு' பேச்சுவழக்கு மாதிரி இருக்கிறதே, அச்சில் போடலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகப் போடலாம். ஆங்கிலச் சொல்லும் சூதாடிகளிடமிருந்து வந்ததுதானே.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சங்கச் செயலாளர் தமிழில் எழுதிய முறைப்பாட்டை ஆங்கிலத்தில் போட்டுத்தரச் சொல்லிக் கொண்டுவந்தார். மேலதிக வேலை 'எங்கள் தலையில் கட்டப்பட்டது' என்று தமிழில் இருந்தது. நான் 'இம்போஸ்' என்று எழுதி, கூடவே 'கலந்தாலோசிக்காமல்' என்பதற்கான சொற்களையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்துப் பார்த்து, "தம்பி, இதில காரம் காணாதே" என்றார். "ஐயா, காரத்தைக் கூட்டினா அவங்கட சட்டத்தரணி, எங்க ஏமாத்தினம், காட்டு எண்டு கேப்பார். உங்களிட்ட அதுக்குக் கடிதம் இருக்கா?" என்றேன். இல்லை என்றார். சுற்றறிக்கை ஒட்டிய திகதி மட்டும்தான் அவர் கையில் இருந்தது. அந்தத் திகதியை முதல் வரியில் போட்டோம், வினை 'இம்போஸ்' ஆகவே இருந்தது.

உங்கள் நிலையும் அதுதான். மெனேஜர் அறிக்கையை மறைத்துக் கொடுத்தாரா, வேறொன்று என்று சொல்லிக் கையளித்தாரா, அல்லது நேரே கூப்பிட்டு 'இதையும் செய்யுங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்பினாரா? மூன்றாவதுதான் என்றால் 'ஃபொய்ஸ்ட்' வேண்டாம். 'செடல்' கூட நண்பரிடம் புலம்பும்போது சரி, மனிதவளப் பிரிவுக்கு வேண்டாம். 'தி ரிப்போர்ட் வாஸ் அசைன்ட் டு மீ வித்அவுட் ப்ரயர் டிஸ்கஷன்' என்று எழுதுங்கள். 'அசைன்' நடுநிலையானது. அநியாயம் என்பதை 'முன்கூட்டிப் பேசாமல்' என்ற பகுதி சொல்லிவிடும். அதை மறுக்க வேண்டுமென்றால் பேசியதற்கான ஆதாரத்தை மெனேஜர்தான் தேடவேண்டும். அடுத்த வரியில் அது எந்தப் பிரிவின் வேலை, உங்கள் பணி விபரத்தில் அது இல்லை என்பதைச் சொல்லுங்கள். அவர் அனுப்பிய மின்னஞ்சலின் திகதியை மறக்காமல் போடுங்கள், மனிதவளப் பிரிவு முதலில் கேட்பது அதைத்தான்.

ஒருவேளை இரண்டாவதுதான் நடந்தது, அதாவது இன்னொருவர் அரைகுறையாக விட்ட அறிக்கையை முடிந்தது என்று சொல்லி உங்கள் கையொப்பத்துக்குத் தள்ளினார்கள் என்றால், அப்போது 'ஃபொய்ஸ்ட்' சரியான சொல்தான். பொருளை முதலில் வைத்து, 'ஒன் மீ' என்று முடித்து, ஆதாரத்தை இணைத்து அனுப்புங்கள்.